தெரு யாருடையது?

(புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் உழவர் பெருமக்களும் பல்வேறு தொழில் புரிவோரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



இன்று மாலை ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இரண்டே எழுத்துக் கொண்ட சொல் அது. குழந்தை பள்ளிக்குச் செல்லுமுன்பே அதை அறியும். கிழவரும் அதை மறப்பதில்லை. 'தெரு' என்பதே அச்சொல். அரசியற் கூட்டத்தில் அகராதிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு சொல்லின் பொருளைத் திரித்ததால் ஓர் ஊரின் வழி அடைபட்டதை நாம் நேரிற் கண்டோம். அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

உறுதி இல்லாத சொத்து

சில ஆண்டுகளுக்கு முன்னர் களப்போரத்து ஊரொன்றிலிருந்து ஐந்தாறு பேர் எம்மிடம் வந்தனர். அவர்களுள் மீன்பிடிப்போரும் இருந்தனர். வெங்காயம் பயிரிடுவோரும் இருந்தனர். இரண்டு தென்னந்தோட்டங்களுக்கு நடுவே களப்புக்குச் செல்லும் மணல்வழி ஒன்று அவ்வூருக்கு இருந்தது. வலை சுமந்தோர் அவ்வழியே சென்றனர். எரு ஏற்றிய வண்டி அவ்வழியே வந்தது. மையவாடிக்கும் அதுவே குறுக்குவழி. ஒரு பக்கத்துத் தோட்டத்தை வெளியூரார் ஒருவர் விலைக்கு வாங்கினார். வாங்கிய மூன்றாம் மாதம், வழியின் இரு முனைகளிலும் கொங்கிறீற்றுத் தூண் நட்டு முள்ளுக்கம்பி இழுத்துவிட்டார்.

'அவ்வழிக்கு உங்களிடம் என்ன எழுத்து உண்டு?' என்று எமது தொழில் வழக்கப்படி கேட்டோம். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். வீட்டுக்கு உறுதி உண்டு. தோட்டத்துக்கு உறுதி உண்டு. தெருவுக்கு உறுதி முடித்து வைத்தவர் யார்? எல்லாரும் ஆளும் பொருளுக்கு எவரிடமும் எழுத்து இருப்பதில்லை. எழுத்துள்ள ஒருவன் வந்து எழுத்தில்லாத ஊரை வெளியே நிறுத்துவதற்கு அதுவே வாய்ப்பாகிறது.

பின்னர் காணிப் பதிவகத்தில் நாட்கணக்காகத் தேடினோம். வேலி போட்டவரின் காணிக்கே மூன்று தலைமுறைக்கு முற்பட்ட உறுதியொன்று அகப்பட்டது. அதை முடித்த நொத்தாரிசு நான்கு எல்லைகளையும் ஒழுங்காக எழுதியிருந்தார். வடக்கே இன்னார் காணி, கிழக்கே இன்னார் காணி, தெற்கே களப்பு. மேற்கெல்லை என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: தெரு.

வழக்கு அச்சொல்லின்மேல் ஏறி நின்றது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வல்லவர். 'தெரு என்பது நடக்கும் இடம் என்பதற்கு மேல் ஒன்றும் காட்டாது. காணிக்காரர் தம் வசதிக்காக விட்டிருந்த தடத்தை நொத்தாரிசு அவ்வாறு குறித்தார். ஊருக்கு அதில் உரிமை எங்கே இருக்கிறது?' என்று வாதிட்டார். எமது தரப்பில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் சாட்சி சொன்னார். 'அந்தத் தெரு யாருக்குச் சொந்தம், அம்மா?' என்று அவரிடம் கேட்கப்பட்டது. அவர் சற்றே வியந்தவராய், 'தெரு ஆருக்குச் சொந்தம் எண்டு கேட்டா என்னத்தச் சொல்ற? தெருவால போற ஆக்களுக்குத்தான்' என்றார். நீதிமன்றத்தில் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. நாம் படித்த நூல்கள் பல பக்கங்களிற் சொன்னதை அவ்வம்மையார் ஒரே மூச்சிற் சொல்லி முடித்துவிட்டார்.

சொல்லின் குடிப்பிறப்பு

தெரு என்பது இரவற் சொல்லன்று. மலையாளத்தார் தெருவு என்பர். தெலுங்கரிடத்தும் தெருவு உண்டு. அவர்களுக்கு அது வழி என்னும் பொருள் தரும். ஒரே குடும்பத்து மொழிகள் பலவற்றில் வேரோடிய பழஞ்சொல் அது.

'திற என்பதிலிருந்தே தெரு வந்தது. திறந்து கிடப்பதே தெரு' என்று கூறுவாரும் உளர். எமது கட்சிக்கு இதனினும் வாய்ப்பான விளக்கம் வேறில்லை. ஆயினும் அதை நாம் ஏற்கவில்லை. திற என்பதில் உள்ளது வல்லின றகரம். தெரு என்பதில் உள்ளது இடையின ரகரம். ஓசை ஒத்திருப்பதுகொண்டு உறவு சொல்வது, பெயர் ஒத்திருப்பதுகொண்டு முதுசம் கேட்பதைப் போன்றது. நமக்குச் சாதகமான சாட்சியே பொய்ச்சாட்சியானால் அவரைக் கூண்டில் ஏற்றுவது முறையன்று. சொல்லின் பொருளை அதன் வேரில் மட்டும் தேட வேண்டியதில்லை. வழக்கில் தேடினாற் போதும்.

அவ்வாறு தேடுவோமாயின் தமிழன் வழிக்கு வைத்த பெயர்கள் எத்தனை! பழந்தமிழில் ஆறு என்றால் வழி என்றும் பொருள்; பரிசில் பெற்ற ஒருவன் பெறாதவனுக்கு வழி காட்டுவதாகப் பாடியமையாற்றான் ஆற்றுப்படை என்ற பெயர் எழுந்தது. காட்டு வழி அதர். ஊர்களையும் நாடுகளையும் இணைத்த வணிக வழி பெருவழி. கோயமுத்தூர்ப் பக்கத்துக் கல்வெட்டில் இராசகேசரிப் பெருவழியும், தருமபுரிப் பக்கத்துக் கற்களில் அதியமான் பெருவழியும் குறிக்கப்பட்டுள்ளன. காத எண்ணிக்கை பொறித்த அந்த அதியமான் கற்கள் இன்றைய மைற்கற்களின் மூதாதையர். வீதி வடமொழிச் சொல். வரிசை என்பது அதன் முதற்பொருள். சிங்களவர் வீதிய என்பதும் அதுவே. சாலை என்பதும் வடமொழி வழி வந்தது. மண்டபம், கூடம் என்பன அதன் பழம்பொருள். பாடசாலை, வைத்தியசாலை என்று நாம் இன்றும் வழங்குவது அப்பொருளிலேயாம். மரநிழலுள்ள வழிக்கு அப்பெயர் ஏறியது பின்னர் நிகழ்ந்தது. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரால் இன்றும் மங்கம்மாள் சாலை வழங்குகின்றது.

நம் நாட்டுத் தமிழுக்குத் தனி வழக்குகளும் உண்டு. இரு வேலிகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய வழியை ஒழுங்கை என்கிறோம். பாதை என்ற சொல்லோ, களப்பையும் கடல்நீரேரியையும் கடக்க ஆளையும் வண்டியையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கும் பெயராயிற்று. நிலம் முடிந்த இடத்திலும் வழி முடியவில்லை என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

பெயர்ப்பலகைகளில் மாவத்தை என்று தமிழெழுத்தில் எழுதியிருப்பதைக் காண்கிறீர்கள். அது சிங்களச் சொல். பெரிய வழி என்பது அதன் பொருள். நம் பெருவழியும் அதுவும் பொருளளவில் உடன்பிறப்புகள். சிங்கள உழவன் மாவத்த என்னும்போதும் தமிழ் உழவன் பெருந்தெரு என்னும்போதும் மனத்தில் எழுவது ஒரே காட்சிதான். அச்சொல்லோடு நமக்குப் பகையில்லை. ஆனால் தமிழ் படிப்போனுக்காக எழுதும் பலகையில் தமிழ்ச் சொல்லே இருத்தல் வேண்டும் என்று கேட்பதும் பகையாகாது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஓர் அரச கரும மொழி என்று கூறுகிறது. அரசியலமைப்பு ஒப்புக்கொண்டதைப் பலகை மறுக்கலாகாது.

அரசன் போட்டதா, குடிகள் போட்டதா?

இராசபாட்டை என்றொரு சொல் உண்டு. ஆங்கிலேயரும் பெருந்தெருவை அரசரின் வழி என்றே வழங்கினர். தெருவை அரசன் தந்தான் என்ற எண்ணம் இச்சொற்களில் ஒளிந்திருக்கிறது. அரசன் தந்தது என்றால் அரசன் மீளவும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இதை ஆராய்தல் வேண்டும்.

1344ஆம் ஆண்டில் மொறோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இலங்கைக்கு வந்தார். ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்ட பட்டினத்தைப் பத்தாலா என்று எழுதினார். அறிஞர் அதைப் புத்தளம் என்பர். மன்னர் அவருக்குப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து, பாவா ஆதம் மலைக்கு அனுப்பி வைத்தார். சிலாபத்தின் வழியே அவர் சென்றார். மன்னர் கொடுத்தது பல்லக்கு; வழியோ அங்கே முன்னரே கிடந்தது. யாத்திரிகரின் காலும் உப்பு விற்றோரின் காலும் மிதித்து மிதித்து ஆக்கிய வழி அது.

பிற்காலத்து வழிகளின் கதை என்ன? ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் காலத்தில் கண்டிக்குப் போட்ட தெரு, இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தாற் போடப்பட்டது. 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழித்து அதே ஊழியம் வேறு சட்டை அணிந்து வந்தது. 1848ஆம் ஆண்டில் டொறிங்டன் பிரபுவின் ஆட்சி, 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்தல் வேண்டும், அல்லது மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும் என்று சட்டமாக்கியது. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்ததற்கு அவ்வரியும் ஒரு காரணம். புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். 1861ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் தெருக்கள் கட்டளைச் சட்டத்திலும் அக்கடமை தொடர்ந்தது.

இவ்வரலாற்றை நாம் சொல்வது பழம்புண்ணைக் கிளறுவதற்கன்று. கல் சுமந்தவன் குடியானவன். வரி கொடுத்தவனும் குடியானவன். இன்று நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் லொறி ஓடும் தெருவுக்குத் தார் ஊற்றுவதும் மக்கள் பணத்தினாலேயாம். அரசாங்கம் தெருவின் காவற்காரன்; சொந்தக்காரன் அன்று.

நம் கையிலும் கறை உண்டு

'தெருவால் போகிறவர்களுக்கே தெரு' என்றார் அம்மூதாட்டி. அச்சொல்லுக்கு நம் முன்னோர் எப்போதும் உண்மையாக நடந்தனரா? நடக்கவில்லை. ஒரு சாதியார் நடக்க மற்றொரு சாதியார் விலகிச் சுற்றிப் போன தெருக்கள் தமிழரிடையே இருந்தன. அதை மூடிப் பேசுவது நேர்மையாகாது.

1924 மார்ச்சு 30ஆம் நாள் திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோயிலுக்குள் நுழைவதற்கன்று, கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடப்பதற்கே அப்போராட்டம். தலைவர்கள் சிறைப்பட்டபின் ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. இராமசாமி சென்று தலைமை ஏற்றுத் தாமும் சிறை புகுந்தார். 1925 நவம்பரில் அது முடிவுற்றபோதும் கிழக்குத் தெரு எல்லாருக்கும் திறக்கப்படவில்லை. அதே 1924இல் சென்னைச் சட்ட மன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெருக்களும் பொதுக் கிணறுகளும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியன என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றுவித்தார். பொதுத் தெரு எல்லாருக்கும் பொது என்பதைத் தீர்மானம் போட்டு நிலைநாட்ட வேண்டியிருந்தது. நம் மொழி அறிந்த பொருளை நம் நடத்தை அறியவில்லை.

நம் மாவட்டத்துக்கும் வருவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஆயிரமாயிரமாய் இக்கரைக்கு வந்தனர். ஒரு மக்களைத் தம் தெருவை விட்டுப் போகச் சொல்வது தெருவை அடைப்பதன் கொடிய வடிவம். அவர்களுட் பலர் மன்னாருக்கு மீளச் செல்ல நாடிய வழி, எழுவன்குளம் கடந்து வில்பத்துக் காட்டினூடே மறிச்சுக்கட்டிக்குச் செல்லும் பழைய வழி. அக்காடோ 1938 முதல் தேசிய வனம். போர் முடிந்தபின் அவ்வழி திறக்கப்பட்டபோது இயற்கை பேணும் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. ஊர் மீள்வோரின் தேவையும் மெய். காட்டு உயிர்களின் தேவையும் மெய். இரண்டையும் கேட்டு, வெளிப்படையாக, காரணம் எழுதித் தீர்ப்பதே முறை. எல்லா வழியும் எக்காலமும் திறந்தே கிடத்தல் வேண்டும் என்பது நமது வாதமன்று. இரவோடிரவாகத் தூண் நட்டு அடைப்பதற்கு எவனுக்கும் உரிமையில்லை என்பதே நமது வாதம்.

சட்டம் தரும் கருவிகள்

நம் நாட்டின் காணிச் சட்டத்தில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம ஒல்லாந்தச் சட்டம் இன்றும் உயிருடன் உள்ளது. பிறர் காணியூடாகச் செல்லும் வழியுரிமையை உரோமர் மூன்றாகப் பகுத்தனர்: ஆள் நடக்கும் வழி, கால்நடை ஓட்டும் வழி, வண்டி செல்லும் வழி. கிறித்துவுக்கு ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவர்களது பன்னிரு பலகைச் சட்டம், வண்டி வழி நேரே செல்லுமிடத்தில் 8 அடியும் திரும்புமிடத்தில் 16 அடியும் இருத்தல் வேண்டும் என்றது. மாடு திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தனியொருவர் பிறர் காணியூடாகக் கேட்கும் வழியுரிமை வேறு. ஊரார் அனைவரும் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு நடந்துவரும் பொதுவழி வேறு. முன்னதற்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி எதிரிடையாய்ப் பத்தாண்டு ஆண்டமையைக் காட்டல் வேண்டும். பின்னதற்கு ஊரின் நெடுவழக்கே சான்று. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் இரண்டு இடங்களை மனத்திற் கொள்ளுங்கள். ஒருவனுக்குக் காணி கொடுத்த முன்னோர் அக்காணியை ஆண்டிருந்த காலத்தில் ஒப்புக்கொண்டது, அவனுக்கு எதிராகவும் சான்றாகும். மேற்கெல்லை தெரு என்ற பழைய எழுத்து அவ்வாறே பயன்பட்டது. மற்றொன்று 32ஆம் பிரிவு: பொது உரிமையை அறிந்திருக்கக்கூடிய ஒருவர் அதைப் பற்றிச் சொன்ன கருத்து, அவர் இறந்த பின்னரும் ஏற்கப்படும். ஆனால் பிணக்கு எழுமுன் சொல்லியிருத்தல் வேண்டும். பிணக்கு எழுமுன்! இதை மறவாதீர்கள்.

வழக்கின் முடிவைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியவராவோம். பல தவணைகள் கழிந்தன. ஊரார் களைத்தனர், கைப்பணம் கரைந்தது. இறுதியில் இரு தரப்பும் இணங்கி, வழி திறக்கப்பட்டது. ஆனால் வண்டி ஓடிய இடத்தில் ஆறடி மட்டுமே கிடைத்தது. அந்த இணக்கத்தில் நாமும் ஒப்பமிட்டோம். இன்றும் அதை எண்ணி வருந்துகிறோம். உரோமர் கொடுத்த எட்டடியைக்கூட நாம் பெற்றுக் கொடுக்கவில்லை. சாட்சி சொன்ன மூதாட்டி அதற்குள் காலமாகிவிட்டார். அவரது ஜனாஸா சுற்றுவழியே சென்றது.

தோல்வியின் காரணம் சட்டத்தில் இல்லை. வேலி எழுந்த பின்னரே நாம் விழித்தோம் என்பதுதான் காரணம். ஆதலின் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, ஊர் வழிகளை எழுதி வையுங்கள். 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை முழுவதின் இடப்பெயர்களையும் தொகுத்து நூலாக்கினார். ஒரு தீவின் பெயர்களை ஒருவர் தொகுத்தார். ஓர் ஊரின் ஒழுங்கைகளை ஓர் ஊரார் தொகுக்க இயலாதா? ஒவ்வொன்றின் பெயர், தொடக்கம், முடிவு, அகலம் ஆகியவற்றை எழுதுங்கள். முதியோர் சொல்வதைச் சத்தியக் கடதாசியாகப் பதிந்துகொள்ளுங்கள். ஆசிரியர்களும் நொத்தாரிசுகளும் இப்பணியைக் கூலி கருதாமற் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, அப்பட்டியலை உள்ளூராட்சி மன்றத்துக்குக் கொடுத்து, தெருப் பதிவேட்டிற் சேர்க்கவும் அளந்து கல் நாட்டவும் கேளுங்கள். தேர்தற் காலத்தில் கொங்கிறீற்றுக் கேட்கும் நாம், கொங்கிறீற்றுக்கு முன்னர் எல்லைக்கல் கேட்டல் வேண்டும்.

மூன்றாவது, வேலி எழுந்த அன்றே செயற்படுங்கள். கம்பியை வெட்டாதீர்கள், வெட்டினால் வழக்காளி எதிரியாகிவிடுவார். பொதுவழித் தடையை அகற்றக் கட்டளையிடும் அதிகாரம் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் நீதவானுக்கு உண்டு. அமைதி குலையும் நிலை இருந்தால், அதே ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ்ப் பொலிசாரோ நீங்களோ மன்றத்தை நாடலாம்.

நான்காவது கசப்பானது. ஒழுங்கையை விழுங்குபவர் வெளியூர்ப் பணக்காரர் மட்டுமல்லர். ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் வெளியே நடுபவர் நாமே. இரு பக்கத்தாரும் ஒவ்வொரு சாண் நடுவாராயின் பத்தாண்டில் ஒழுங்கை என்னவாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பிறரது முள்ளுக்கம்பியை எதிர்க்குமுன் நமது கதியாலைப் பிடுங்கி உள்ளே நடுவோம்.

நண்பர்களே! இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் பெட்டியைத் திறந்து உறுதியை எடுங்கள். விலை எவ்வளவு, பரப்பு எவ்வளவு என்று பார்ப்பதே வழக்கம். இன்று நான்கு எல்லைகளையும் வாசியுங்கள். அவற்றுள் ஒன்றில் தெரு என்றோ ஒழுங்கை என்றோ எழுதியிருந்தால், அவ்விடத்தில் உங்கள் காணி முடிகிறது. ஊரின் காணி தொடங்குகிறது. அதற்கு எவரிடமும் வேறு உறுதி கிடையாது. உங்கள் உறுதியில் உள்ள அந்த இரண்டெழுத்தே ஊரின் உறுதி. அதைப் பேணிக் காப்போமாக!